எட்டாவது லேனுக்குக் கேட்டது

எங்கள் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயங்களைத் தொடங்கி வைக்கும் ரிவால்வர் ஒன்று பதினான்கு வருஷமாக என் பொறுப்பில் இருக்கிறது. அதிலிருந்து குண்டு எதுவும் வராது. குழலின் வாயை அடைத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆறு அறைகள், அறைக்கு ஒரு வெடி, வெடிக்கு ஒரு சத்தம், கொஞ்சம் புகை. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததற்குக் காரணம், வேறு யாருக்கும் மைதானத்தில் எட்டு மணி நேரம் நிற்கப் பொறுமை இல்லை என்பதுதான்.

அந்த ரிவால்வர் பழைய மாதிரி. விசையை மட்டும் அழுத்தினால் வெடிக்காது. பின்னால் இருக்கும் சுத்தியலை, குதிரை என்பார்கள், ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். அது ஒரு சின்னப் பல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஆள்காட்டி விரலால் விசையை அழுத்தினால் பல் விலகும், குதிரை விழும், வெடிக்கும். இழுப்பது சுலபம். அழுத்துவதுதான் சில வருஷமாக எனக்குப் பெரும்பாடாக இருந்தது. எழுபத்து நான்கு வயது விரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விரலை இரண்டு மருத்துவர்களிடம் காட்டினேன். துப்பாக்கியைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை.

இந்த வருஷம் குறுவட்டப் போட்டி ஒரு சனிக்கிழமை ராமநாதபுரத்தில் நடந்தது. பெரிய பெண்களுக்கான நூறு மீட்டர் ஓட்டத்தில் மூன்று தகுதிச் சுற்றுகள், சுற்றுக்கு எட்டுப் பேர். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு பேர் இறுதிக்குப் போவார்கள். அடுத்த இரண்டு இடங்கள் நேரத்தை வைத்து. இரண்டாவது சுற்றில் எட்டாவது லேனில் தொண்டிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த பெண் நின்றாள். ஒல்லி, கறுப்பு, காலில் கடன் வாங்கிய மாதிரி ஒரு சைஸ் பெரிய ஷூ. நான் எப்போதும் எட்டாவது லேனுக்கு வெளியே, கோட்டுக்கு மூன்றடி முன்னால் நிற்பேன். கையைத் தூக்கினேன். "ஆன் யுவர் மார்க்" சொன்னேன். "செட்" சொன்னேன். இரண்டு எண்ணினேன். விசையை அழுத்தினேன். வெடிக்கும் முன்பே அந்தப் பெண் கிளம்பிவிட்டாள்.

திரும்ப அழைக்கும் வெடியை வெடித்தேன். சிவப்பு அட்டையைக் காட்டினேன். ஒரு தடவை முந்தினாலே வெளியே என்பதுதான் இப்போதைய விதி. அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். மற்ற ஏழு பேரும் மறுபடி ஓடினார்கள்.

மூன்றாவது சுற்று முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆடி கழிந்து எங்கள் பக்கம் மழை பெய்தால் அது அபூர்வம், ஆனால் அன்றைக்குப் பெய்தது. மிச்சப் போட்டிகளைப் புதன்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். எல்லோரும் பந்தலுக்குள் ஒண்டினோம். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி அந்தப் பெண்ணும் அவளுடைய உடற்கல்வி ஆசிரியையும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அவசரப்படக் கூடாதும்மா. காதுல சத்தம் விழுந்த அப்புறம்தான் கால் எந்திரிக்கணும்" என்றேன்.

"காதுல விழுந்துதான் சார் ஓடுனேன்" என்றாள்.

"என்ன விழுந்துச்சு?"

"நீங்க முக்குனது."

ஆசிரியை அவள் முதுகில் ஒன்று போட்டார். "ஏய், பெரியவங்ககிட்ட என்னடி பேச்சு!"

"நெசந்தான் டீச்சர். செட்டுன்னு சொல்லிட்டு, வெடிக்கிறதுக்கு முன்னாடி சாரு 'ம்க்'குன்னு ஒரு முக்கு முக்குறாரு. எனக்குக் காதுகிட்ட. அடக்கிக்கிட்டுத்தான் நின்னேன், காலு கேக்கல."

பந்தலில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பதினொரு பேர். அதில் நான்கு பேர் முக்கியும் காட்டினார்கள்.

"இது எனக்குக் கடைசி வருசம் சார்" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல். பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் இந்தப் போட்டி அவளுக்குக் கிடையாது. இந்த மைதானத்தைத் தாண்டினால்தான் மாவட்டப் போட்டி. "நான் முந்தல. அத மட்டும் எழுதிக் குடுங்க."

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, "நான் முக்குறேனா?" என்று கேட்டேன்.

"ஏங்க, நீங்க செருப்பு மாட்டும்போது முக்குவீங்க, பேப்பரப் பிரிக்கும்போது முக்குவீங்க. துப்பாக்கிக்கு மட்டும் முக்காமயா இருப்பீங்க?"

"நாப்பத்தாறு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே எத்தனை தடவைன்னு எண்ண ஆரம்பிச்சிருப்பீங்க."

மறுநாள் காலை மொட்டை மாடியில் செல்போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்துப் பதிவுபோட்டுவிட்டு, வெடி போடாத ரிவால்வரை இருபது தடவை அழுத்தினேன். போட்டுக் கேட்டேன். இருபது தடவையும் முக்கல் இருந்தது. சின்னதுதான். ஒரு கதவை யாரோ தள்ளித் திறக்கப் பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு இடைவெளி. பிறகு குதிரை விழும் 'டக்'. அந்த இடைவெளியை அளக்க என் ஸ்டாப் வாட்சால் முடியவில்லை. கால் விநாடி இருக்கலாம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

பதிவை ஏழாவது தடவை கேட்கும்போது என் கோபம் போய்விட்டது. மைதானத்தில் ஒலிபெருக்கி ஓயாமல் பேர் படித்துக்கொண்டிருந்தது. கிழக்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார். அத்தனைக்கும் நடுவில் ஒரு கிழவனின் மூச்சு தொண்டையில் தட்டியதை அந்தப் பெண்ணின் காது பொறுக்கி எடுத்திருக்கிறது. எடுத்ததோடு நிற்கவில்லை. அடுத்து வெடிக்கப் போகிறது என்று அவள் காலுக்குச் சொல்லி, கால் அதை நம்பி, தரையை உதைத்திருக்கிறது. இவ்வளவும் என் ஸ்டாப் வாட்சுக்குப் பிடிபடாத அந்தச் சந்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் விநாடிகளை வகுத்துக் காட்டியவன் நான். ஒரு விநாடிக்குள் இத்தனை இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

பிறகு பழைய நோட்டுகளை எடுத்தேன். நான் தொடங்கி வைத்த ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். லேன் எண், யார் முந்தினார்கள், காற்று எந்தப் பக்கம், எல்லாம். முதல் ஐந்து வருஷத்தில் முந்தியவர்கள் எட்டுப் பேர். எல்லா லேனிலும் சிதறிக் கிடந்தார்கள். அடுத்த ஒன்பது வருஷத்தில், அந்தச் சனிக்கிழமையைச் சேர்க்காமல், நாற்பத்து நான்கு பேர். அதில் இருபத்தொன்பது பேர் எட்டாவது லேன்.

ஆறாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது: 'எட்டாவது லேன் பிள்ளைகளுக்கு ஏனோ அவசரம் அதிகம். ஓரத்தில் நிற்பதால் இருக்கலாம்.' எண்கள் எல்லாம் என் முன்னால்தான் இருந்தன. எண்ணியவன் கூட்டவில்லை.

இருபத்தொன்பது பிள்ளைகளுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. ஒருத்திக்குப் புதன்கிழமை வரை நேரம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் அந்த விசை ஏன் இப்படிக் கனக்கிறது என்று தெரிய வேண்டும். கனக்கிற விசையோடு போய் மறுபடி ஓட விடுங்கள் என்று கேட்டால் மறுபடியும் முக்குவேன்.

விசாரித்ததில், பாம்பனில் படகு எஞ்சின்களின் டீசல் பம்பு பழுது பார்க்கிற ஒருவரைச் சொன்னார்கள். திங்கட்கிழமை கிளம்பினேன். ரிவால்வரை ஒரு டிபன் பாக்ஸுக்குள் துணி சுற்றி வைத்து, 'இது ஓட்டப் பந்தயத்துக்கான சத்தத் துப்பாக்கி' என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிய கடிதத்தை மூன்று பிரதி எடுத்துச் சட்டைப்பையில் ஒன்று, பையில் ஒன்று, டிபன் பாக்ஸுக்குள் ஒன்று வைத்திருந்தேன். மண்டபம் வரை பஸ் நின்றபோதெல்லாம் யாராவது ஏறிச் சோதிப்பார்களோ என்று வியர்த்தது. பாலத்தின் மேல் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்கள். நான் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறை கரையிலிருந்து அறுபது தப்படி. அந்த மெக்கானிக்கின் கையெல்லாம் டீசல். நான் மேஜையில் வைத்ததை அவர் உடனே தொடவில்லை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். துடைத்தார். அறைகள் காலியா என்று பார்த்தார். குதிரையை இழுத்து நிறுத்தி, ரிவால்வரைக் காதோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விசையை மெதுவாக அழுத்தினார். ஒரு தடவைதான்.

"ரெண்டு எடத்துல ஒட்டுது சார். ஒரு எடத்துல உரசுது" என்றார்.

"அதெப்படிக் கேட்டே சொல்றீங்க?"

"பம்புக்குள்ள கண்ண விட்டுப் பாக்க முடியுமா? காதுதான்."

மூன்று நாளுக்குள் இரண்டாவது ஆள் என் துப்பாக்கியைக் காதால் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று சுவரில் தொங்கியது. அதைக் கேட்டு வாங்கினேன். கொக்கியை விசையில் மாட்டி, குதிரை விழும் வரை இழுத்து, முள் எங்கே நின்றது என்று பார்த்தேன். பத்துத் தடவை. சராசரி ஐந்து கிலோ இருநூறு கிராம்.

"ஒரு நல்ல பாறை மீனு எடை" என்றார் மெக்கானிக். "அத ஒத்த விரல்ல தூக்குனா யாரா இருந்தாலும் முக்கத்தான் செய்வாக."

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். மூக்கைச் சுளித்தார். முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன எண்ணெய் போடுவீக?"

சொன்னேன். எனக்கு நயினார்கோவில் பக்கம் ஊர். மிளகாயும் நெல்லும் தெரியும், கடல் தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தொண்டியில் ஒரு போட்டிக்குப் போயிருந்தபோது, கரையில் வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். உப்பு அண்டாது என்றார்கள். கடலிலேயே கிடக்கிற வள்ளத்தை உப்பிலிருந்து காப்பது, உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற ரிவால்வரைக் காக்காதா? அதுவரை போட்டுவந்த தையல் மிஷின் எண்ணெயை அன்றோடு நிறுத்தினேன். ஒரு பாட்டில் மீன் எண்ணெய் வாங்கி வந்தேன். வருஷத்துக்கு நான்கு சொட்டு, ஒரு வருஷமும் தவறாமல். முப்பத்தாறு சொட்டு.

மெக்கானிக் வெளியே பார்த்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். "ஏலே, இங்கன வந்து பாரு! சாரு துப்பாக்கிக்கு வள்ளத்துக்குப் பூசுற எண்ணெயப் பூசிருக்காரு!"

"கடல்ல எறக்கப் போறாரோ என்னமோ" என்றார் அவர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கோவிச்சுக்காதீக சார்" என்றார் மெக்கானிக். "வள்ளத்துக்கு எதுக்குப் பூசுறோம்? காஞ்சு தோலு மாதிரி புடிச்சுக்கிறணும்னுதான் பூசுறோம். அந்தத் தோலத்தான் நீங்க இதுக்குள்ள ஒன்பது வருசமா வளத்து வச்சிருக்கீக."

பார்த்தேன். உள்ளே எல்லாமே பழுப்பு. தேன் நிறத்தில் கெட்டியாக ஒரு பூச்சு. துரு மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. வரும்போதே பஸ்ஸில் யோசித்து வைத்தது. "ஸ்பிரிங்க ரெண்டு சுத்து வெட்டிட்டா லேசாயிரும்ல?"

"ஆயிரும். அப்புறம் குதிரையும் லேசா விழும். வெடி வெடிக்காது. புள்ளைக குனிஞ்சே நிக்கும்."

அவர் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு குச்சியின் நுனியில் துணி சுற்றி வழித்தார். பழுப்புத் தோல் சுருண்டு சுருண்டு வந்தது. கடைசியில் ஒரு லென்ஸை என்னிடம் கொடுத்துக் குதிரையின் அடியைப் பார்க்கச் சொன்னார்.

அங்கேதான் அந்தப் பல் இருந்தது. நொய் அரிசியில் பாதி இருக்கும். விசையின் முனை அந்தப் பல்லின் பள்ளத்தில் உட்கார்ந்துதான் குதிரையைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் ஓரத்தில் ஒரு மயிர் அகலத்துக்கு ஒரு பிசிறு. ஸ்பிரிங் மொத்தமும் அந்த நொய்யரிசியின் மேல் சாய்ந்து நிற்கிறது. பதினான்கு வருஷமாக எத்தனை பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்களோ, அத்தனை பேரும் இதன் மேல்தான் நின்றிருக்கிறார்கள். லென்ஸை எடுத்தால் ஒன்றுமே தெரியவில்லை. திரும்ப வைத்தேன். இருந்தது. கோபுரங்களுக்கு முன்னால்கூட நான் இப்படி வாயடைத்து நின்றதில்லை.

நகத்தளவு கல் ஒன்றில் எண்ணெய் தொட்டு அவர் அதைத் தேய்த்தார். நான் எண்ணினேன். இருபது இழுப்பு. லென்ஸில் பார்த்தார். எட்டு இழுப்பு. பார்த்தார். மூன்று. நிறுத்திவிட்டார்.

"ஏன் மூணோட நிறுத்திட்டீங்க?"

"கல்லு இப்ப இழுக்கல சார், வழுக்குது. இதுக்கு மேல தேச்சா நீங்க தும்முனாலே வெடிக்கும்."

பூட்டிக் கொடுத்தார். குதிரையை நிறுத்திவிட்டு ரிவால்வரைக் குலுக்கினார், பிடியை உள்ளங்கையில் தட்டினார். விழவில்லை. தராசை மாட்டினேன். பத்துத் தடவை. ஒரு கிலோ முந்நூறு. பிறகு கையில் பிடித்து அழுத்தினேன். அழுத்தினேன் என்று சொல்வது பழக்க தோஷம். அழுத்தலாம் என்று விரல் யோசித்தது, 'டக்' என்றது. நினைப்புக்கும் சத்தத்துக்கும் நடுவில் நான் இல்லை.

"நீங்க முக்கல, பாத்தீகளா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை போட்டியின் தலைமை நடுவரைப் பார்த்தேன். அவர் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். தொடங்கி வைப்பவரின் தவறால் யாராவது முந்தினால் அவர்களை வெளியேற்றக் கூடாது, எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். அதுவும் விதிதான். பிழை என்னுடையது, இரண்டாவது சுற்றை மறுபடி ஓட விட வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நோட்டின் கணக்கையும் சேர்த்திருந்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "சார், அந்தப் புள்ளைய மட்டும் எப்படியாவது சேத்துக்கிறலாம். இந்த இருபத்தொன்பது எதுக்கு? மைக்குல வாசிச்சா உங்க பேருதான் கெடும்."

"அந்தச் சுற்றைத் திரும்ப ஓட்டினா மத்த ஸ்கூல்காரங்க ஏன்னு கேப்பாங்க. காரணம் வேணும்ல?"

"அடுத்த வருஷம் விசில் வச்சுக்கிறலாம்பாங்க. உங்களையும் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிடாட்டிப் போகட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு ராத்திரி நோட்டுகளை எடுத்து இருபத்தொன்பது குறையுமா என்று மறுபடி எண்ணினேன்.

புதன்கிழமை மைக்கில் வாசித்தார்கள். முழுவதும் வாசித்தார்கள். பிள்ளைகள் பக்கமிருந்து இரண்டு முக்கல் சத்தம் வந்தது. எட்டுப் பேரும் கோட்டுக்கு வந்தார்கள். அதே லேன்கள். நான் எட்டுப் பேருக்கும் கேட்கும்படி, "இன்னைக்கு வெடி மட்டும்தான் வரும். வேற எதையும் எதிர்பாக்காதீங்க" என்றேன். தொண்டிப் பெண் தலையைத் தூக்காமல் சிரித்தாள்.

"செட்."

எட்டு முதுகுகள் உயர்ந்தன. காற்று நின்றிருந்தது. இரண்டு எண்ணினேன்.

வெடித்தது. எட்டுப் பேரும் கிளம்பினார்கள். எத்தனையோ ஓட்டம் தொடங்கியிருக்கிறேன், ஆனால் ஒரு வரிசை அப்படி எழுந்ததைப் பார்த்ததில்லை. வயல்வரப்பில் கொக்குக் கூட்டம் எழும்போது எது முதலில் எழுந்தது என்று சொல்ல முடியாதே, அப்படி. இத்தனை வருஷமும் ஓட்டங்கள் இப்படித் தொடங்கியிருக்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் வேறு.

தொண்டிப் பெண் இரண்டாவதாக வந்தாள். இறுதிக்குப் போனாள். அவளுடைய ஆசிரியை தூரத்திலிருந்து எனக்குக் கும்பிடு போட்டார்.

ஆனால் சனிக்கிழமை இரண்டாவதாக வந்து இறுதிக்குத் தேறியிருந்தவள், மூன்றாவது லேன் பெண், இப்போது மூன்றாவதாக வந்தாள். நேரக் கணக்கிலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிதான். இப்படி ஆகலாம் என்று எனக்குத் தெரியும். நான் அதையும் எண்ணித்தான் வைத்திருந்தேன். எண்ணி வைத்திருந்ததால் லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் என் மேஜைக்கு வந்தாள். அழுது முடித்த முகம்.

"சார், அத நான் ஒருக்கா அமுக்கிப் பாக்கட்டா?"

அறைகளைத் திறந்து காட்டினேன். ஆறும் காலி. மறுபடி ஒரு தடவை எண்ணினேன். குதிரையை இழுத்து நிறுத்தி, பிடியை அவள் கையில் கொடுத்து, குழலைத் தரைப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். விரலை வைத்தாள். 'டக்'. அவள் திடுக்கிட்டாள்.

"இம்புட்டுத்தானா?"

"இப்ப இம்புட்டுத்தான். போன சனிக்கிழமை இதப்போல நாலு மடங்கு."

"அப்ப நான் அன்னைக்கு ரெண்டாவதா வந்தது பொய்யா சார்?"

"பொய் இல்ல. உன் காலு ஓடுனது நெசம். ஆனா அன்னைக்கு ஏழு பேருதான் ஓடுனீங்க."

அவள் விரலை இன்னும் விசையிலிருந்து எடுக்கவில்லை. எட்டாவது லேன் பக்கம் பார்த்தாள். மறுபடி துப்பாக்கியைப் பார்த்தாள். "இன்னொருக்கா" என்றாள். நிறுத்திக் கொடுத்தேன். இந்தத் தடவை திடுக்கிடவில்லை.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, நீளம் தாண்டுதலுக்குப் பேர் கூப்பிடுகிறார்கள் என்று ஓடினாள்.

இறுதி ஓட்டத்துக்கு வெடிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஆறு போட வேண்டும். போட்டு முடித்து, எட்டாவது லேனுக்கு வெளியே போய் நின்றேன்.